புகைக்குப் பின்னால் இருக்கும் மனம்



பிள்ளை சிகரெட் பிடிக்கிறான் எண்டு தெரிந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "ஆரோடை சேர்ந்து பழகினனி?" கூட்டாளிமார் பழக்கிவிடுவது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு, பதட்டம் உள்ள பிள்ளைகள்தான் கூடுதலாகப் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இழுத்தவுடன் மனம் ஆறுவதுபோல இருக்கும். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் சுமார் 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிட, எரிச்சலும் படபடப்பும் வரும். அடுத்த சிகரெட் அடக்குவது அதைத்தான். பழைய கவலை அப்படியே கிடக்கும். உதட்டுக்குள் வைக்கிற நிக்கொட்டின் பையும் இதே கதைதான். அதில் மணமும் வராது, அம்மாவுக்குத் தெரியவும் வராது.

டென்மார்க்கில் 2008 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கக்கூடாது. ஆனாலும் கிடைக்கிறது.

"விசர் எண்டு சனம் கதைக்கும்" என்று குடும்ப வைத்தியரிடம் போகாமல் விடுகிறோம். இஷொயில் ஆளுக்கு ஆள் தெரியும், அந்தப் பயம் எனக்கு விளங்குது. வைத்தியர் ஊருக்குச் சொல்லமாட்டார், சட்டம் விடாது. மனச்சோர்வுக்கோ பதட்டத்துக்கோ அவர் கடிதம் தந்தால் 18 முதல் 24 வயதினருக்கு உளவியலாளரிடம் காசில்லை. சின்னப் பிள்ளைகள் 116 111இல் பேர் சொல்லாமலே கதைக்கலாம். புகைத்தலை விட நினைப்பவர்களுக்கு 80 31 31 31.