ஆறு, ஏரு, யாறு



செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் உபரிநீர் அடையாற்றில் போய்ச் சேரும். அந்த 'ஆறு' என்ற சொல்லின் பூர்வீகத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

'ஆறு' என்கிறோம். ஆனால் 'ஆறில் குளித்தேன்' என்பதில்லை. 'ஆற்றில்' என்கிறோம், பேச்சில் 'ஆத்துல'. உருபு சேரும்போது றகரம் இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்த விதிதான். எழுத்துக்கே முந்தைய காலத்தின் தடயம் அதில் இருக்கிறது.

இந்த ஏரிக்குப் பூண்டி வழியாகக் கிருஷ்ணா நீரும் வருகிறது. அது புறப்படும் தெலுங்கு நாட்டில் ஆற்றுக்கு 'ஏரு' என்று பெயர். 'ஆற்றில்' என்பதற்கு அங்கே 'ஏட்டிலோ' என்பதுபோல வல்லின டகரம் ஒலிக்கும். நாம் இரட்டிக்கும் அதே இடத்தில் அவர்களுக்கும் சொல் மாறுகிறது! தற்செயலாக இப்படி அமையாது. ஆதியில் றகரம் நுனிநாக்கு மேல்பல் ஈற்றை அழுத்திப் பிறந்த வல்லொலி. யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் 'ற்ற'வை இன்றும் அப்படித்தான் ஒலிக்கிறார்கள்.

சரி, நம் ஆகாரம் அங்கே ஏகாரமானது எப்படி? சங்கப் பாடல்களில் இச்சொல் 'யாறு'. ஆண்டு அன்று 'யாண்டு', தெலுங்கில் 'ஏடு'. யானை அங்கே 'ஏனுகு'. முதலில் நின்ற யகரம் தமிழில் பல சொற்களில் உதிர்ந்துவிட்டது. தெலுங்கில் உயிரை ஏகாரமாக்கிவிட்டு மறைந்தது. ஆகவே தொல்திராவிடச் சொல்லும் யகரத்தில் தொடங்கியது என்று அறிஞர்கள் மீட்டெடுக்கிறார்கள். எந்த ஓலையிலும் கல்லிலும் கிடைக்காத வடிவம் என்பதால் அதன் தலையில் ஒரு உடுக்குறி இடுவார்கள்.

ஜெர்மானிய மொழிகளின் மூலச்சொற்களும் இப்படி மீட்கப்பட்டவையே. இலத்தீனின் பகரம் அவற்றில் ஃபகரமாக நிற்கும் ஒழுங்கை யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கினார். அதற்கு 6 ஆண்டு முன்பே, 1816இல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சான்றுகளோடு எழுதிவிட்டார். அவர் முந்திக்கொண்டதை நம்மவர்களே அதிகம் அறியாதது எனக்கு வருத்தம்.

அப்படி மீட்கப்பட்ட சொல் ஒன்றைப் பாருங்கள்: மீனுக்கான மூல ஜெர்மானியச் சொல் 'ஃபிஸ்கஸ்'. அதன் கடைசி 'அஸ்' எழுவாயைக் காட்டும் உருபு; ஆங்கில 'ஃபிஷ்' அதை இழந்துவிட்டது. நம் எழுவாய்க்கோ உருபே கிடையாது. 'ஆறு' வெறுமனே நிற்கும். 'இல்', 'உக்கு' வந்தால்தான் 'ஆற்று' ஆகும்.