நாலடி மண்ணும் பன்னிரண்டு மாதமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் நின்றுகொண்டு செடி கொடி பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 1937ல் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது இது புதர்க்காடு. இங்கே மரங்களை நட்டு வளர்த்ததில் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தம்பதியருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பாடம் நடத்தியது தாவரவியல் இல்லை, கெமிஸ்ட்ரி! ஆகவே, "நான் காமர்ஸ் சார், எனக்கென்ன தெரியும்" என்று யாரும் தப்பிக்க முடியாது.

நம் பக்கத்துத் தோட்டக்காரன் முதலில் படிக்க வேண்டியது மழைக்கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மீதி நாளெல்லாம் நாமும் வாளியும்தான்.

தை பிறந்தால் தோட்டத்துக்கு நல்ல காலம். கீரை, தக்காளி, கத்தரி எல்லாம் சொன்னபடி கேட்கும். மா பூக்கும். பிஞ்சு பிடிக்கிறவரை மாமரத்துக்குத் தண்ணீரைக் குறையுங்கள். பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், அவ்வளவு போதும்.

பங்குனியிலிருந்து மல்லிகை மணக்கும். சித்திரையில் அக்னி நட்சத்திரம். அப்போது புதுச்செடி வைக்கிற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வேரைச் சுற்றிச் சருகும் தேங்காய் மட்டையும் போட்டு மூடி, விடியற்காலையில் தண்ணீர் விடுங்கள். மத்தியானம் விட்டால் பாதி ஆவியாகப் போகும். சமையலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் விவரமானவர்கள். சாயங்கால மழையை நம்பி அவரை, புடலை, பீர்க்கன் போடலாம். பந்தலை முன்னாலேயே கட்டிவிட வேண்டும்; கொடி காத்திருக்காது.

புரட்டாசிதான் முக்கியமான மாதம். முருங்கையைக் கழிக்கணும், தென்னையில் காய்ந்த மட்டையை இறக்கணும், மழைநீர்க் குழியில் சேர்ந்த வண்டலை வாரணும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று பார்த்தோமே! கிளை கனத்த மரம் காற்றுக்குத் தாங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் செடிக்குத் தண்ணீர் விடுவதைவிட, நின்ற தண்ணீரை வடிய வைப்பதே வேலை. ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய் நத்தை பொறுக்கலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. மழை ஓய்ந்ததும் மல்லிகையைக் கவாத்து செய்து எரு வையுங்கள். மார்கழியில் கோலத்துக்குப் பூசணிப்பூ வீட்டிலேயே கிடைக்கும், புரட்டாசியில் விதை போட்டவர்களுக்கு!

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர்ப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றோம். நடுவில் நாலு வருஷம்கூட முழுசாக இல்லை. அதே ஊர், அதே ஜனங்கள்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில், ஓர் ஆண்டில் விழும் மழை மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லாரித் தண்ணீர்! அதை விலையில்லாமல் வானம் இறக்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? "சேறு ஆகுது சார், குப்பை விழுது சார்" என்று காம்பவுண்டு வரை சிமெண்ட் போட்டு, அத்தனையையும் தெருவில் தள்ளுகிறோம். மழைநீர் சேகரிப்பை 2003லேயே சட்டம் கட்டாயமாக்கியது. குழாய் பொருத்தினோம், பல வீட்டில் குழி தூர்ந்துபோய்க் கிடக்கிறது. தோட்டம் உள்ள வீட்டில் மண் தானாகவே குடித்துக்கொள்ளும். மண்புழு துளைத்த மண்ணைவிட நல்ல சேகரிப்புத் தொட்டி எது?

எங்கள் தெருவில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால், கையெழுத்துப் போடுமுன் பில்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "சுற்றுச்சுவர் ஓரம் நாலடி மண் விடுவீர்களா?" வாடகை வீட்டுத் தம்பிகள் மாடியில் தொட்டி வையுங்கள். செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு சம அளவு கலந்தால் போதும். தளத்துக்குப் பாரமும் குறையும்.

பார்ன்ஸ் தம்பதியர் நட்ட மரங்களின் நிழலில் நாம் பரீட்சைக்குப் படித்தோம். அந்த நிழலுக்கு யாரும் நம்மிடம் ஃபீஸ் கேட்கவில்லை. வாசலில் நாலடி மண்ணை மூடாமல் வைப்பதே அதற்கு நாம் கட்டும் ஃபீஸ்.