எரிஞ்சாத்தான் வேலை செய்யுதா? ஷேவிங் முடிஞ்சதும் முகத்துக்கு என்ன போடலாம்

போன வாரம் சோப்பு பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "ஆஃப்டர் ஷேவ் எது நல்லது? ஒரு பேரைச் சொல்லுங்க." இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன், ஆனா பேர் சொல்லப்போறதில்ல. பாட்டில் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சா பேர் தேவைப்படாது. நான் மருந்துக்கடை கவுன்டர்ல நிக்கிறவன். அந்த இடத்துல இருந்து பார்த்த ஒரு விஷயத்தைக் கடைசியில சொல்றேன். அதை மட்டும் கேட்காம போயிடாதீங்க.

முதல்ல, பிளேடு என்ன செய்யுதுன்னு பார்ப்போம். நம்ம தோலோட மேல்பக்கம் செத்த செல்கள் ஓடு வேய்ஞ்ச மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். நடுவுல கொழுப்பு, சாந்து பூசின மாதிரி. காகிதத்தை விட மெல்லிசான இந்த அடுக்குதான் உள்ளே இருக்கிற ஈரத்தைக் காப்பாத்துது, வெளியே இருக்கிற கிருமியைத் தடுக்குது. பிளேடு முடியை மட்டும் எடுக்கிறதில்ல, இந்த அடுக்குலயும் கொஞ்சத்தைச் சுரண்டிட்டுத்தான் போகுது. அதனால ஷேவ் பண்ணி முடிச்ச முகத்தை, கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு பட்ட முகம்னு நினைச்சுக்கோங்க.

அந்தச் சிராய்ப்பு மேல ஆல்கஹால் கலந்த தண்ணியைத் தட்டினா சுரீர்னு எரியும். "எரிஞ்சா கிருமி சாகுது"ன்னு நம்மள்ல பாதிப் பேர் நம்புறோம். எரியுறதுக்குக் காரணம் வேற. நம்ம நரம்பு நுனியில சூட்டை உணர ஒரு ஏற்பி இருக்கு. மிளகாய்க் காரத்தையும் அதே ஏற்பிதான் உணருது. சாதாரணமா 42 டிகிரிக்கு மேல சூடு போனாத்தான் அது விழிக்கும். ஆல்கஹால் பட்டா அந்த எல்லை 34 டிகிரி பக்கம் இறங்கிடும். அதாவது உங்க உடம்போட சொந்தச் சூடே உங்களுக்கு நெருப்பா தெரியுது. மென்தாலோட ஜில்லுப்பும் இப்படித்தான். அது குளிரை உணர்ற ஏற்பியைத் தூண்டி விடுது, அவ்வளவுதான். ரெண்டுமே தோல் ஆறுதுங்கிறதுக்கு அடையாளம் இல்ல.

அப்போ ஆல்கஹால் ஏன் வந்துச்சு? ஒரே சவரக்கத்தியைத் தோல்வார்ல தீட்டித் தீட்டிப் பல பேருக்குப் போட்ட காலத்துல, வெட்டுப்பட்ட இடத்துல சீழ் பிடிக்கிறது சகஜம். அன்னைக்கு அது தேவையா இருந்துச்சு. இன்னைக்கு வீட்ல சொந்த ரேசர், சுத்தமான தண்ணி, நல்ல பிளேடு இருந்தா கிருமிநாசினியை விடத் தோலுக்கு ஈரம்தான் அவசியம்.

சரி, லேபிளைப் படிப்போம். பொருள்கள் பொதுவா அதிக அளவுல இருந்து குறைஞ்ச அளவுங்கிற வரிசையில இருக்கும். முதல் ரெண்டு மூணு பேர்ல 'ஆல்கஹால் டீநாட்' இருந்தா, அது தோலை உலர்த்துற வகை. எண்ணெய் வழியிற முகம், எரிச்சலும் வர்றதில்லன்னா அதைத் தாராளமா போடலாம். வறண்ட முகமோ, சீக்கிரம் சிவக்கிற முகமோ இருந்தா தவிர்த்துடுங்க. 'சீட்டைல் ஆல்கஹால்', 'சீட்டியரில் ஆல்கஹால்'னு இருந்தா பயப்படாதீங்க. பேர்லதான் ஆல்கஹால், உண்மையில அது தோலை மென்மையாக்குற கொழுப்பு. கிளிசரின், பேந்தெனால், அலாந்தோயின் இதெல்லாம் இருந்தா நல்லது. 'பர்ஃப்யூம்'னு போட்டிருந்தா வாசனைக் கலவை. ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகிறது அதுதான். புதுசா வாங்கினா முழங்கை மடிப்புல ரெண்டு நாள் தடவிப் பார்த்துட்டு அப்புறம் முகத்துக்குப் போடுங்க.

வீட்டு வைத்தியம்னு எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிறவங்க தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளம் வரலாம், அந்த இடம் மாசக்கணக்குல கறுத்துக் கிடக்கலாம்.

படிகாரம் பத்திக் கேட்டிருந்தீங்க. அது சின்ன ரத்தக் கசிவை நிறுத்தும், நல்ல பொருள்தான். ஈரமான முகத்துல லேசா தடவி, அரை நிமிஷத்துல கழுவிடணும். ஆனா சலூன்ல ஒரே கட்டி பத்து முகத்துல ஏறி இறங்குது. ரத்தம் பட்ட கட்டி, பழைய பிளேடு ரெண்டும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவர்ற ஹெபடைடிஸ் வைரஸைப் பரப்பக்கூடியவை. "அண்ணே, பிளேடு புதுசா மாத்திடுங்க, படிகாரம் வேணாம்"னு சொல்றதுல கூச்சமே வேணாம். சொந்தமா ஒரு சின்னக் கட்டி வாங்கி வெச்சுக்கலாம்.

முறை ரொம்ப எளிசு. ஷேவிங் முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில கழுவுங்க. துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் முழுசா காயறதுக்குள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்க. வெளியே கிளம்பினா எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். சுருட்டை முடிக்காரங்களுக்குக் கழுத்துல பொரிப்பொரியா வரும். கூர்மையா வெட்டுப்பட்ட முடி வளைஞ்சு திரும்பத் தோலுக்குள்ளயே குத்துறதால வர்றது அது. பொரி ஆறின பிறகு கறுப்புத் தழும்பு நிக்கும். நம்ம நிறத்துத் தோல்ல அது இன்னும் எடுப்பா தெரியும். உடனே கடைக்கு வந்து, நண்பன் சொன்னான்னு ஒரு டியூப் பேரைச் சொல்லிக் கேட்பாங்க. பல நேரம் அது ஸ்டீராய்டு கிரீம்.

போட்ட வாரத்துலயே முகம் பளிச்சுன்னு ஆகும். அங்கதான் சிக்கல். மாசக்கணக்குல போட்டா தோல் மெலியும், ரத்தக்குழாய் வெளியே தெரியும், பரு வெடிக்கும், முடி கூட அதிகமா வளரலாம். நிறுத்தினா முகம் செவந்து எரியும். எரிச்சல் தாங்காம திரும்பவும் அதையே போடுவாங்க. கல்யாணம் வருதுன்னு ஆரம்பிச்ச பையன், கல்யாணம் முடிஞ்சும் அந்த டியூபை விட முடியாம நிக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

டியூப்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எழுதியிருந்தா, டாக்டர் சொல்லாம முகத்துல போடாதீங்க. ஏற்கனவே ரொம்ப நாளா போடுறீங்கன்னா, திடீர்னு நீங்களே நிறுத்தாம தோல் டாக்டரைப் பாருங்க. பொரி வர்றவங்க முடி வளர்ற திசையிலேயே மழிங்க, ஒட்ட மழிக்காதீங்க. முடிஞ்சா டிரிம்மருக்கு மாறிடுங்க. கறுப்பு மெதுவாத்தான் போகும். அதுக்குத் தேவை சன்ஸ்கிரீனும் பொறுமையும்.

உங்க வீட்ல தம்பியோ பையனோ இப்பத்தான் ஷேவ் பண்ண ஆரம்பிச்சிருந்தா, இந்த எபிசோடை அவங்ககிட்ட போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பொடுகு பத்திப் பேசலாம்.