கும்பத்துள் ஆகாயம்

(வ. புதுப்பட்டி மகா கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அத்வைத வேதாந்தத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தார்கள். அன்போடு இட்ட பணிதான். ஆயினும் சற்றே இடர்ப்பாடான பணி. உள்ள பொருள் ஒன்றே, அது அறிவு வடிவானது, அதுவே நமது உண்மைச் சொரூபம் என்று முழங்குகிற தத்துவத்தை யாகசாலைப் பந்தலில் நின்று பேசினால், கேட்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. "எல்லாம் ஒன்றே என்றால் இந்தக் கோபுரம் எதற்கு? கலசம் எதற்கு? இத்தனை ஆண்டு ஓடியாடிச் சேர்த்த பொருளை இங்கே செலவிட்டது எதற்கு?" இவ்வினாவைக் கேட்பவர் நாத்திகர் அல்லர். வேதாந்தம் படித்தவர்களே கேட்கிறார்கள். ஆலயத்துக்கு வருவதைக் குறைத்துக் கொள்வதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததென்று கேட்பவரும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம். உண்மையாகவே ஐயுற்றுக் கேட்பவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

விடை தேடிக் காசிக்கோ காலடிக்கோ போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையை அடுத்துள்ள திருச்சுழி, நமது விருதுநகர் மாவட்டத்து ஊர். சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலம். அங்கே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்திரா தரிசன நன்னாளின் இரவில், சுந்தரமய்யர் என்னும் வக்கீலுக்கும் அழகம்மையாருக்கும் பிறந்த மகவு வேங்கடராமன். தந்தையார் 1892-இல் காலமாகவே, பிள்ளை மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தது. பந்தாடுவதிலும் நீந்துவதிலும் இருந்த ஊக்கம் பாடத்தில் இல்லை. வேதாந்த நூல் ஒன்றையும் அப்பிள்ளை கற்றதில்லை. பெரிய புராணத்தை மட்டும் ஒருமுறை படித்து, இப்படியும் அடியார்கள் வாழ்ந்தார்களா என்று வியந்ததுண்டு.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், நோய் நொடி ஏதுமில்லாதிருக்கையில், பதினாறு வயதுப் பிள்ளையைத் திடீரென்று மரண பயம் பற்றியது. நம்மைப் பற்றினால் என்ன செய்வோம்? மருத்துவரைத் தேடுவோம், உறவினரைக் கூவி அழைப்போம், ஒரு நேர்த்திக் கடனாவது நேர்ந்து கொள்வோம். அவர் ஒருவரையும் அழைக்கவில்லை. மாடி அறையில் தனியே கிடந்து, கைகால்களை விறைக்க நீட்டி, மூச்சை அடக்கி, இவ்வுடல் இறந்துவிட்டதென்றே வைத்துக்கொண்டு உள்ளே ஆராய்ந்தார். இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போவார்கள், எரிப்பார்கள், சாம்பலாகும். சரி, அத்துடன் 'நான்' என்பதும் எரிந்து போகுமா? உடல் சவமாய்க் கிடப்பதை அறிந்துகொண்டிருக்கிற ஒன்று அப்போதும் விளங்கிக்கொண்டிருந்தது. சாவு அதைத் தொடவில்லை. சில நிமிடங்களில் முடிந்துபோன அவ்விசாரத்தோடு மரண பயம் அவரை விட்டு அடியோடு நீங்கிற்று. உபநிடதங்களும் சங்கர பகவத்பாதரும் விளக்கிய பொருளையே தாம் கண்டிருந்தார் என்பதைப் பின்னாளில், திருவண்ணாமலையில் அந்நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டபோதுதான் அவர் அறிந்தார்.

அவரே பின்னர் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்ததாக நடந்ததை. ஆத்மாவைக் கண்டாகிவிட்டது, இனிக் கோயில் எதற்கு என்று அவர் இருந்தாரா? இல்லை. முன்பெல்லாம் நண்பர்களோடு எப்போதாவது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், திருநீறு தரித்து, போனபடியே திரும்பி வந்தவர், அதற்குப் பின்புதான் நாள் தவறாமல் மாலை வேளைகளில் சென்றார். தனியே சென்றார். சொக்கநாதர் முன்னும், அம்மை முன்னும், நடராசப் பெருமான் முன்னும், அறுபத்து மூவர் திருவுருவங்கள் முன்னும் நெடுநேரம் நின்றார். கண்ணீர் தாரை தாரையாகப் பெருகியது. வேண்டிக் கொண்டது மிகச் சிறிது. அந்த அடியார்களுக்கு வாய்த்த அன்பு தமக்கும் வாய்க்க வேண்டும் என்பதுதான். சில நாள் அதுவும் இல்லாமல் சும்மா நின்றதுண்டு.

அன்பர்களே, இதை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கோயில் என்பது ஞானம் வராதவர்களுக்கு இட்ட முதற்படி, ஞானம் வந்தால் தள்ளிவிடலாம் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்கு என்ன விடை சொல்வார்கள்? உடலைப் பற்றியிருந்த பிடி தளர்ந்த உயிர், பற்றுவதற்கு வேறோர் இடம் தேடிற்று. அது சந்நிதியாக இருந்தது. 'நான் இந்த உடல்' என்று இறுகிக் கிடக்கும் வரையில் நாம் கோயிலுக்குப் போனாலும் கொடுக்கல் வாங்கலுக்கே போகிறோம். அந்த முடிச்சு அவிழ்ந்தவர்க்கோ அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை, உருகுவதற்கு மட்டுமே உண்டு.

அவர் கண்டது யாது என்பதைச் சாத்திர முறையில் சிறிது பார்ப்போம். நமக்கு நாள்தோறும் மூன்று நிலைகள் வருகின்றன: நனவு, கனவு, கனவற்ற உறக்கமாகிய சுழுத்தி. பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் முழுவதும் இதைத்தான் ஆராய்கிறது. நனவில் கண்ட வீடு, வயல், வழக்கு ஒன்றும் கனவில் இல்லை. கனவில் கண்ட அரச வாழ்வு நனவில் இல்லை. சுழுத்தியில் இரண்டுமே இல்லை. கதிர் அறுத்துக் களைத்துக் களத்துமேட்டில் விழுந்து உறங்குகிற உழவர், காலையில் எழுந்து என்ன சொல்கிறார்? "ஒன்றுமே தெரியாமல் சுகமாய்த் தூங்கினேன்" என்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? சுகமாய் இருந்ததென்று சாட்சி சொல்வது யார்? உடலும் மனமும் ஓய்ந்திருந்தபோதும் ஓயாமல் இருந்த ஓர் அறிவு உண்டு. அது வந்து போவதன்று; வந்து போகிறவை எல்லாம் அதன் முன்னே வந்து போகின்றன. அதற்குத்தான் சைதன்யம், சாட்சி, துரியம் என்றெல்லாம் பெயர்.

பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்தியாரண்யர் தமது பஞ்சதசியின் பத்தாம் பகுதிக்கு நாடக தீபம் என்றே பெயரிட்டார். நம்மூர்ப் பக்கத்துப் பொங்கல் விழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறதல்லவா? மேடை விளக்கு, வேடனாய் வந்த முருகனையும் காட்டுகிறது, வள்ளியையும் காட்டுகிறது, ஆர்மோனியக்காரரையும் காட்டுகிறது, முன்வரிசையில் உறங்கி விழுகிறவரையும் காட்டுகிறது. நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பின் வெறும் மேடையையும் அதே விளக்குத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. வேடனோடு சேர்ந்து அது சினப்பதில்லை. வள்ளியோடு சேர்ந்து நாணுவதில்லை. நம்முள் இருக்கும் அறிவு அவ்விளக்குப் போன்றது. நாமோ விளக்கை மறந்து வேடத்தை 'நான்' என்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே நின்றுகொண்டு இதைச் சொல்கையில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர்கள் இதை இப்படியே ஒப்பமாட்டார்கள். சீவன் இறைவனுக்கு உடலாய், அடிமையாய், என்றும் உள்ளவன் என்பது இராமாநுசர் காட்டிய நெறி. அந்த வழக்கை இப்பந்தலில் தீர்க்க முடியாது. 'நான், எனது' என்னும் செருக்கு அழிய வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் வழக்கில்லை. நமக்கு இன்று அது போதும்.

இனிக் கும்பத்துக்கு வருவோம். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்தார்கள். மூலமூர்த்தியிடத்து விளங்கும் கலைகளைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பத்துக்கு எழுந்தருளச் செய்வார்கள். கும்பமே உடல், சுற்றிய நூல் நாடிகள், உள்ளிருக்கும் நீர் குருதி, மேலே வைத்த தேங்காய் தலை. பல காலம் யாகசாலையில் பூஜித்த பின், நாடீசந்தானம் செய்து, கடம் புறப்பட்டு, அந்நீர் கலசத்திலும் மூர்த்தியிலும் அபிஷேகிக்கப்படுகிறது. அத்வைதிகள் தொன்றுதொட்டுச் சொல்லி வரும் உவமையும் இதே குடந்தான். கடாகாசம் என்பார்கள். குடத்துக்குள் இருக்கும் வெளி, குடம் உண்டானபோது உண்டானதன்று. குடம் உடைந்தால் உடைவதன்று. குடத்தை எடுத்துச் சென்றால் வெளி கூடவே நடந்து செல்வதுமில்லை. ஒரே ஆகாயத்தை மண்சுவர் ஒன்று உள், புறம் என்று பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவே. நாளைக் காலையில் கடத்தைத் தலையில் தாங்கிச் சிவாசாரியார் விமானம் ஏறுகையில் நாமெல்லாம் கைகூப்பி அண்ணாந்து பார்ப்போம். அந்த ஒரு கணம், குடத்துக்குள்ளும் வெளியேயும் இருக்கிற ஆகாயத்தையும் நினைத்துப் பார்ப்பவருக்கு உபநிடதம் படித்த பயன் உண்டு.

குடத்தின் சுவர் எதுவென்று கேட்டால், 'நான் செய்தேன்' என்னும் எண்ணந்தான். உபயதாரர்கள் மனம் வருந்தக் கூடாது, அன்பினால் சொல்கிறேன். பல கோயில்களில் குழல் விளக்கின் மேல் உபயம் இன்னார் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கக் காண்கிறோம். வெளிச்சம் தருவதற்காகக் கொடுத்த விளக்கு. எழுதிய எழுத்து வெளிச்சத்தை மறைக்கிறது! அகங்காரம் ஆத்மாவை மறைக்கும் விதத்தை விளக்க இதைவிட எளிய உவமை எனக்குக் கிடைக்கவில்லை. 1896 ஆகஸ்டு 29-இல் மதுரையை விட்டுப் புறப்படுமுன் வேங்கடராமன் ஒரு சிறு கடிதம் எழுதி வைத்தார். தொடக்கத்தில் 'நான்' என்று எழுதிய கை, அடுத்த வாக்கியத்திலேயே தம்மை 'இது' என்று குறித்தது. முடிவில் கையெழுத்திடவில்லை. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டை அக்கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்ததும் நேரே சென்றது அருணாசலேசுவரர் கருவறைக்கு.

இன்னொரு சுவரையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஒரே அறிவு எல்லா உடலிலும் விளங்குகிறது என்று பாடம் சொன்ன இதே நாட்டில், ஆலயக் கதவைப் பலருக்கு அடைத்து வைத்திருந்தோம். வேங்கடராமன் மதுரையை விட்டுப் போன மறு ஆண்டு, 1897-இல், பக்கத்துக் கமுதிக் கோயிலில் நாடார் மக்கள் நுழைந்து வழிபட்டது குற்றமாகி, வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ந்தது. மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் சமூகத்தவரையும் வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ஆம் நாள். காசியில் வழிவிலகச் சொன்ன சங்கரரை நோக்கி, விலக வேண்டியது உடலா, உள்ளிருக்கும் அறிவா என்று சண்டாளர் ஒருவர் கேட்டதும், சங்கரர் அவரையே குருவாக வணங்கி மனீஷா பஞ்சகம் பாடியதும் அத்வைதிகள் பெருமையோடு சொல்லும் வரலாறு. சொல்லிக்கொண்டே, முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று நீதிமன்றம் ஏறுவது எவ்வகை வேதாந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நமது ஊரில் இத்திருப்பணிக்குக் கூலி வாங்காமல் கல் சுமந்தவரும் காணிக்கை தந்தவரும் நாளை ஒரே நீரைத் தலையில் ஏற்கப் போகிறார்கள். அந்நீர் தெளிக்கையில் முன்வரிசை, பின்வரிசை என்று நாம் பிரிக்காதிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு ரமணர் வாழ்விலேயே இன்னொரு விடையும் உண்டு. அன்னை அழகம்மையார் 1916-இல் மகனிடம் வந்து சேர்ந்து, 1922 மே 19-இல் அவரது கரத்தின் ஸ்பரிசத்திலேயே அடங்கினார். அன்னையின் சமாதி மீது சிவலிங்கம் அமைந்தது. அதனைச் சூழவே ஆசிரமம் வளர்ந்தது. 1939 செப்டம்பர் முதல் நாள் கற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வைத்தியநாத ஸ்தபதியின் மேற்பார்வையில் சிற்ப சாத்திர முறைப்படி பணி ஏறத்தாழப் பத்து ஆண்டு நடந்தது. 'நான் யார்' என்று ஆராய்வது ஒன்றே போதும் என உபதேசித்த அந்த ஞானி, இந்தக் கல்லும் சுண்ணாம்பும் எதற்கு என்று தடுக்கவில்லை. பணியில் அக்கறை காட்டினார் என்றே உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1949 மார்ச்சு 17-இல் மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பகவானுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. இடக்கையில் எழுந்த கட்டிக்குப் பிப்ரவரியில் ஒரு முறை அறுவை நடந்திருந்தது; அதே மார்ச்சு இறுதியில் மறுமுறை நடக்க இருந்தது. உடல் தாம் அன்று என்று பதினாறு வயதிலேயே கண்டவர் அவர். அவ்வுடலின் கையில் நோய். அந்தக் கைகளையே கருவறையில் ஸ்ரீசக்கர மேருவின் மீது வைத்துச் சற்று நேரம் நின்றார். பூஜை ஏற்றாக வேண்டிய கல்லுக்கு அவர் செய்த பிரதிஷ்டை அதுவாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவர் உடல் அடங்கியது. மாத்ருபூதேசுவரருக்கு நித்திய பூஜை இன்றும் நடந்து வருகிறது.

இங்கும் அடுத்த காலப் பூஜைக்கு மணி அடிக்கிறார்கள். நான் இதோடு அமர்கிறேன். எல்லோரும் யாகசாலைக்குச் செல்வோம்.