கட்டடத்தோடு பதிந்த பொழுது



ஓட்டல் வரவேற்பறையில், வக்கீல் அலுவலகத்தில், புது வீட்டு சோபாவுக்கு மேலே என்று, வானளாவிய கட்டடங்களின் கறுப்பு-வெள்ளைப் படங்கள் இப்போது எங்கும் தொங்குகின்றன. பெரும்பாலும் நியூயார்க் நகரம்தான். பலவற்றை ஒருமுறை பார்த்தால் போதும், மறுபடி கண் அந்தப் பக்கம் போகாது. சிலவற்றை வருஷக்கணக்கில் பார்த்தாலும் அலுப்பதில்லை. கட்டடத்தோடு சேர்த்து ஒரு பொழுதும் எந்தப் படத்தில் பதிந்திருக்கிறதோ, அதுவே சுவரில் நிலைக்கும் என்பது என் துணிபு.

பெரனிஸ் ஆபட் எடுத்த ‘நைட்வியூ, நியூயார்க்’ என்ற புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள். 1932ஆம் ஆண்டுப் படம் என்று குறிக்கப்படுவது. அதற்கு முந்தைய ஆண்டில் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்மாடி ஒன்றிலிருந்து கீழே பார்த்து எடுத்தது. அந்தக் காலத்து ஃபிலிமில் இரவுக் காட்சி பதிய, கேமராவைச் சுமார் 15 நிமிஷம் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. ஐந்து மணி அடித்தால் அலுவலகங்கள் விளக்கை அணைத்துவிடும். ஆகவே ஐந்துக்கு முன்பே நன்றாக இருட்டியிருக்க வேண்டும். அப்படி இருட்டுவது டிசம்பர் பிற்பகுதியில், ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய சில நாட்களில்தான். காற்றில் கேமரா அசையக்கூடாது என்று ஆபட் கட்டடத்துக்கு உள்ளேயே, ஜன்னலோரம் நின்று எடுத்தார். அன்றைக்கு ஒரே ஒரு நெகடிவுக்குத்தான் அவகாசம்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். எம்பயர் ஸ்டேட்டிலேயே வாடகைக்கு ஆள் வராமல் பல மாடிகள் காலியாகக் கிடந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எரியும் ஜன்னல் ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் வேலை கையில் இருக்கிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். தெருவில் ஓடிய வண்டிகள் தனித்தனியே தெரியவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷப் போக்குவரத்து முழுவதும் வெறும் வெளிச்சமாகத் தேங்கி நிற்கிறது.

இன்னொரு படம், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ‘ஃபிளாட்அயர்ன்’. அதே பெயர் கொண்ட முக்கோணக் கட்டடம் 1902இல் எழுந்தது. மறு ஆண்டே வெளிவந்த இப்படத்தில், முன்னால் கவைத்து நிற்கும் மரம் ஒன்று அழுத்தமான கருமையில் நிற்கிறது. பின்னால் கட்டடம் பனிமூட்டத்தில் கரைந்து, மெல்லிய சாம்பலாக எழுகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இத்தனை சாம்பல் இருப்பதால்தான், குளிர்காலம் என்பதை நம்மால் உணர முடிகிறது.

இக்கலையில் கைத்திறனும் உண்டு. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடம் பின்னால் சரிவதுபோல் விழும். பெரிய மடிப்புக் கேமராக்காரர்கள் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் உயர்த்தி, சுவர்களை நேராக நிறுத்துவார்கள். சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல ஒளி தடுக்கப்பட்டு வானம் இருண்டுவிடும், கட்டடம் பளிச்சென்று முன்னே வரும். இன்று இவை இரண்டையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். கடைகளில் மலியும் படங்களின் குறை இங்கேதான் தொடங்குகிறது. வானத்தைக் கரியாக்கி, கண்ணாடியை வெளுப்பாக்கி விடுகிறார்கள். அது காலையா மாலையா, மழைக்கு முன்பா பின்பா, ஒன்றும் தெரிவதில்லை. உயரம் மட்டும் மிஞ்சுகிறது. வெறும் உயரத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

படம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் நிழல் பகுதியை உற்றுப் பாருங்கள். அங்கேயும் ஜன்னல்களும் கல்வரிசையும் தெரிந்தால் நல்ல பிரிண்ட். மை அப்பியது போலிருந்தால் வேண்டாம். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று படமே சொல்ல வேண்டும். வீட்டில் வெயில் படாத சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிராக இல்லாமல், கண் மட்டத்தில் மாட்டுங்கள். நுணுக்கம் நிறைந்த படமென்றால், கிட்டே போய் நின்று பார்க்க இடம் விடுங்கள். சோபாவுக்குப் பின்னால் மாட்டினால் யாரும் நெருங்க முடியாது.

சுவரை நிரப்புவதற்காகப் பெரிய படம் தேட வேண்டியதில்லை. ஒரு நகரத்தின் ஒரு வேளையை உண்மையாகப் பிடித்த சிறிய பிரிண்ட் கிடைத்தால், தயங்காமல் அதையே வாங்குங்கள்.