ஓடுபவன் பக்கம் நிற்கும் துணி



தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக விடியுமுன்னே சாலையில் இறங்குகிற பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே கருவி, கூட வந்தவன் கையிலுள்ள செல்போன். அது நேரத்தைச் சொல்லும்; நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதைச் சொல்லும் உடையைப் பற்றித்தான் ஜவுளி படித்துப் பட்டம் பெறும் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இத்தகைய உடைகளுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு அமெரிக்கா போன சுந்தரேசன் ஜெயராமன். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 1996இல் அவர் குழு கையிலெடுத்த வேலை, போர்க்களத்தில் குண்டடிபட்ட வீரனின் நிலையை உடனே தெரிவிக்கும் சட்டை. துணிக்குள் ஒளியிழை ஓட வேண்டும். எங்கே அறுபடுகிறதோ அங்கே காயம். ஆனால் துணியை வெட்டித் தைத்தால் தையல்காரரின் கத்தரியே இழையை அறுத்துவிடுமே! அதனால் கையில்லாச் சட்டையை வெட்டாமல், தறியிலேயே முழுசாக நெய்தார்கள். மின்னணுவியலின் சிக்கலை நெசவு தீர்த்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது அந்நிய வித்தை அல்ல.

இப்படிப்பட்ட உடையில், வெள்ளி பூசிய நைலான் நூல் தோலில் படிந்தால் இதயத்தின் மின்துடிப்பை வாங்கும். மின்சாரம் கடத்தும் மீள்நூல், மூச்சிழுத்து மார்பு விரியும்போது நீண்டு, தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும். அதிலிருந்து மூச்சை எண்ணலாம். தோல் காய்ந்திருந்தால் துடிப்பு சரியாக வராது; லேசாக வேர்த்தால் தெளிவாக வரும். அதே வேர்வையின் உப்பும், சோப்பும், துவைகல்லும் சேர்ந்து வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். ஆய்வகத்தில் ஜெயித்த பல சட்டைகள் தோற்பது இங்கேதான்.

வெயிலையும் மறக்காதீர்கள். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு. உடலின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தோலின் சூட்டை மட்டும் பார்த்து உள்சூட்டைச் சொல்லிவிட முடியாது. நாடித்துடிப்பையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பனியன் வேர்வையைக் காயவிடாமல் தடுத்தால், காக்க வந்த துணியே சூடேற்றும். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். மற்ற இடமெல்லாம் காற்றாடட்டும்.

யார் மேல் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் காட்டினார்கள். யார் உடம்பில் சோதித்தோமோ அவர்களுக்குத்தான் கருவி ஒழுங்காக உழைக்கும். ஆகவே, கரிசல்காட்டு வெயிலில் கறுத்த தோலின் மேல் சோதியுங்கள். ஓடுகிற பிள்ளையோடு நிறுத்திவிடாமல், பந்தல்குடி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் உழைப்பவர், கரிமூட்டம் போடுபவர், ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் அம்மா எல்லோரையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. அந்த அம்மாவின் நெஞ்சு படபடக்கும் செய்தி முதலில் மேற்பார்வையாளருக்குப் போனால், நாளைக்கு அவருக்கு வேலை இருக்குமா? தனிநபர் தரவைக் காக்க 2023இல் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டத்துக்கு முன்னால் முடிவு செய்பவர், வடிவமைக்கும் நீங்கள். உடுத்தியவருக்கே முதலில் சொல்லட்டும். அதுவும் எண்ணாக வேண்டாம், "நில், தண்ணீர் குடி, நிழலுக்குப் போ" என்று தமிழில் சொல்லட்டும்.

நீங்கள் செய்யும் முதல் சட்டையை விற்பனைக்கு அனுப்புமுன் சித்திரை வெயிலில் நீங்களே போட்டு ஓடுங்கள். துவைகல்லில் அடித்துத் துவைத்து, மறுபடியும் போட்டு ஓடுங்கள். அதற்குப் பிறகும் அது சரியாகச் சொன்னால் விலை போடுங்கள். அந்த விலை, காவலர் தேர்வுக்கு ஓடும் பிள்ளையின் அப்பா கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.