புழுக்கத்தில் வேலை: உடம்புக்குப் பத்து நாள் கொடுங்கள்

(பண்ணை ஒலிபரப்பில் ஒரு விவசாயி ஆற்றிய உரை)

கத்திரி வந்துவிட்டது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதை மனத்தில் வைத்து, வரப்பு அண்டை வெட்டுவது, வாய்க்கால் தூர் வாருவது எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களாகிய நமக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய தொல்லை. கரூரிலிருந்து வரும் சம்பந்தி, "எங்க ஊர்ல அடிக்கிற வெயிலுக்கு இது ஒண்ணுமே இல்லீங்களே" என்பார். அரைமணி நேரம் நம்ம வயலில் நின்றால் அவரே துண்டால் விசிற ஆரம்பித்துவிடுவார்.

மண்பானையைப் பாருங்கள். பானை கசிந்து, அந்தக் கசிவு காற்றில் காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகும். காற்றிலேயே ஈரம் மண்டிக் கிடந்தால் பானை நனைந்து நிற்குமே ஒழிய, தண்ணீர் குளிராது. நம் உடம்பும் அப்படியே. ஒரு லிட்டர் வேர்வை காய்ந்து போனால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகிறது. அதே வேர்வை காயாமல் சொட்டு சொட்டாக மண்ணில் விழுந்தால், தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சூடு உள்ளேயே நிற்கிறது. வெயிலளவு 32 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரம் 70 சதம் என்றால், உடம்புக்கு அது 41 டிகிரி மாதிரித் தெரியும் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 மே மாதம். என் அண்ணன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்தான். இருபத்து நாலு வயது, நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பது மணிக்கெல்லாம் நிழலைத் தேடினான். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னடா, பனியன் கம்பெனி உடம்பு இவ்வளவுதானா? பெரியவரைப் பாரு" என்றேன். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயது. பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினொன்றரை வரை நிமிரவே இல்லை. அப்புறம் ஏதேதோ உளறினான். அங்கே இல்லாத ஆளைக் கூப்பிட்டான். உடம்பெல்லாம் வேர்வை ஆறாக ஓடியதால், 'வேர்க்கிறதே, களைப்புத்தான்' என்று நான் நினைத்துக்கொண்டேன். கால் மடங்கி விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. பூவரசு நிழலில் போட்டு, கைப்பம்பில் குடம் குடமாக அடித்து ஊற்றினோம். 108 வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தக் கோடை முழுக்க வெயிலில் நிற்க முடியவில்லை.

அறுபது வயதுக்காரர் தாங்கினார், இருபத்து நாலு தாங்கவில்லை. இது பலத்தின் சங்கதி இல்லை, பழக்கத்தின் சங்கதி. அவர் மாசி பங்குனியிலிருந்தே தினமும் வயலில் நிற்கிறவர். நாள்தோறும் சூட்டில் வேலை செய்தால் உடம்பு பாடம் படிக்கிறது: வேர்வை சீக்கிரம் சுரக்கிறது, நிறையச் சுரக்கிறது, அதில் போகிற உப்பு குறைகிறது, இருதயத்துக்கும் படபடப்புக் குறைகிறது. இதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். வேலையை ஒரு வாரம் விட்டாலே படித்தது மறக்கத் தொடங்கும். ஒரு மாதம் விட்டால் அநேகமாக முதலிலிருந்துதான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சூடும் ஈரமும் சேர்ந்து ஆளைக் கொன்றதால், போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே புது ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி ஆழத்துக்கு அனுப்பினார்கள்.

ஆகவே புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான். மறுநாள் இன்னொரு பங்கு. இப்படி ஐந்தாம் நாள் முழு வேலை. முன்பே பழகி, இடையில் ஊருக்குப் போய் வந்தவர் என்றால் முதல் நாள் பாதி. வீட்டுக்குள் மின்விசிறியடியில் படுத்திருந்தால் பழக்கம் வராது; தினம் ஒன்றிரண்டு மணி நேரமாவது வெளியில் உடம்பு அசைய வேண்டும். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகும் தம்பிகளுக்கும் இதே கணக்குத்தான். வைராக்கியம் என்று நடுப்பகலில் தார் ரோட்டில் ஓடாதீர்கள். விடியற்காலையில் ஈரம் அதிகம்தான், ஆனாலும் சூடு குறைவு, அதுவே நல்லது.

தண்ணீர் விஷயம். கால்மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒரு டம்ளர், தாகம் எடுக்காவிட்டாலும். ஒரேயடியாகச் சொம்பு சொம்பாகக் கவிழ்க்க வேண்டாம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் இரத்தத்து உப்பு நீர்த்துப்போகும். உப்புப் போட்ட நீராகாரம், மோர் போதும். இரத்தக்கொதிப்புக்காரர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் உப்பைக் கூட்ட வேண்டும்.

இதில் பேச வெட்கப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. வயலுக்கு வரும் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? ஒதுங்க இடம் கிடையாது. நாலு கீற்றுத் தட்டியை வரப்போரம் மறைத்துக் கட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? மிராசுதாரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லத்தான் வேண்டும். அதேபோல, மொத்தக் கூலி பேசி வெட்டுகிற இடத்தில் யாரும் நிழலுக்குப் போக மாட்டார்கள். ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, சதைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் வேலையை அப்போதே நிறுத்த வேண்டும். பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ, வேர்த்தாலும் சரி வேர்க்காவிட்டாலும் சரி, அது ஆபத்து. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

அண்ணன் மகன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான். வாய்க்கால் தூர் வாருகிற வேலை பாக்கி இருக்கிறது. முதல் நாள் ஏழு மணிக்கு இறங்கி எட்டரைக்குக் கரையேற வேண்டும் என்று அவனிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். பெரியவர் சிரித்தார், சிரிக்கட்டும்.